முழு டாங்கில் 18 கிலோமீட்டர்: ஒரு பழைய மாரிஸ் மைனர் காரின் நிகழ்வு ஆய்வு

1959-இல் செய்யப்பட்ட ஒரு மாரிஸ் மைனர் 1000. 19 வருடம் ஒரு கொட்டகையில் கிடந்தது. அப்புறம் 26 மாதம் ஓர் அக்கா, தம்பியின் கையில் பிரிந்து சேர்ந்தது. முதன்முறையாக நெடுஞ்சாலையில் ஏறிய அன்று, 18 கிலோமீட்டரில் நின்றுவிட்டது. ஏற்றத்தில் இழுவை குறைந்தது, இரண்டு மூன்று முறை குலுக்கியது, அதோடு எஞ்சின் அணைந்தது. 25 நிமிடம் காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கியது. அடுத்த ஐந்து வாரத்தில் இதே கதை இன்னும் நான்கு முறை நடந்தது.

அந்த இரண்டு பேருக்கும் அவ்வப்போது துணையாக நின்றவன் நான். பழைய கார்களோடு நெடுநாள் பழகியவன் என்பதால் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். இந்தப் பழுதில் என் அனுபவம் பெரிதாக உதவவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது அக்கா வைத்திருந்த நோட்டுப் புத்தகம். அது எப்படி நடந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் பழைய காரைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் பலருக்கும் இதே இடத்தில் கால் இடறுகிறது.

காரும் ஆட்களும்

மாரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் வடிவமைத்த அதே மனிதர். 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளியானது. வெளிவருவதற்குச் சற்று முன்பு, கார் ரொம்பக் குறுகலாக இருக்கிறது என்று பட்டதால் மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பார்க்கச் சரியாகத் தெரியும் வரை விலக்கி வைத்துப் பார்த்தார் இஸிகோனிஸ். 4 அங்குலம் கூடியது. பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். தம்பி இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, யார் கார் பார்க்க வந்தாலும் முதலில் அந்தப் பட்டையைத்தான் தொட்டுக் காட்டுவான்.

பிரிட்டிஷ் கார்களில் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் இது. மொத்தம் சுமார் 16 லட்சம் செய்யப்பட்டன. 1956 முதல் வந்த மைனர் 1000-இல் இருப்பது 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின், 37 குதிரைத்திறன். இந்த எஞ்சின் குடும்பம் 1951-இல் ஆஸ்டின் ஏ30 காரில் தொடங்கி, மினியில் 2000 வரை ஓடியது. அதனால் கேஸ்கெட், வால்வு, பேரிங் எதுவும் இன்றைக்கும் கிடைக்கிறது. முதல் பழைய காராக எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அழகைப் பார்ப்பதற்கு முன்னால் பாகம் கிடைக்குமா என்று பாருங்கள். அபூர்வமான கார் ஒன்றைக் கிடைத்ததே என்று தூக்கி வந்து, ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக மூன்று வருடம் காத்திருந்து, ஆசை வற்றிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு 24 வயது, தம்பிக்கு 20. அக்கா பிறந்தபோதே அந்தக் காருக்கு 40 தாண்டியிருந்தது. பழைய காரை விரும்புகிறவர்களைப் பற்றிப் பேசும்போது, அது பழைய நினைவுகளின் ஏக்கம் என்று பலரும் சொல்வார்கள். இந்த இருவருக்கும் அந்த நினைவே கிடையாது. மைனரில் பள்ளிக்குப் போனதில்லை, தாத்தாவிடம் அப்படி ஒரு கார் இருந்ததும் இல்லை. ஒருநாள் தம்பியிடம் கேட்டேன்.

“எதுக்குப்பா இந்தக் கார் மேல இவ்வளவு ஆசை?”

“பானெட்டைத் திறந்தா எல்லாமே தெரியுதுண்ணா. இந்தக் கம்பி இழுத்தா அது திறக்குது, அது திறந்தா இது உள்ள போகுது. எதையும் யாரும் மூடி வைக்கல.”

இதைவிடச் சரியான பதிலை நான் கேட்டதில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டரின் தகடு திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். காரணமும் விளைவும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. திரைக்கும் சிப்புக்கும் நடுவே வளர்ந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

26 மாதம்

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முதலில் நிற்க வேண்டும், அப்புறம் திரும்ப வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், கடைசியில் மின்ன வேண்டும். தம்பிக்கு முதல் மாதமே பெயின்ட் அடித்துப் பார்க்க ஆசை. அக்கா என் பக்கம் நின்றார்.

நிற்பதிலிருந்து தொடங்கினோம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடியில், தரைக்குக் கீழே சேசிஸ் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் பலரும் அதைக் கவனிப்பதில்லை. திறந்து பார்த்தபோது உள்ளே பிரேக் ஆயில் பழுப்புக் களியாக இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் டிரம்மில் இருந்த தூசியைக் காற்றடித்து ஊதவே விடவில்லை. ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டி ஒதுக்கினோம். இளைஞர்கள் அவசரத்தில் ஏர் கன்னை எடுத்து ஊதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

டயர்களில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேல்வரி, தேயாமல் நன்றாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த கடைசி 4 இலக்கம் 1403. அதாவது 2003-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். நான்கையும் தூக்கிப் போட்டோம்.

முன்சக்கரத் தொங்கலில் இந்தக் காருக்கென்றே ஒரு பலவீனம் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, மரை போட்டு, ட்ரனியன் என்ற ஒரு தாங்கிக்குள் திரும்பும். அதற்குக் கிரீஸ் ஒழுங்காகப் போகவில்லை என்றால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு பிடியை விட்டுவிடும். சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கி, கார் மூக்கைத் தரையில் வைத்துவிடும். இதில் இன்னொரு நுணுக்கம்: சக்கரம் தரையில் இருக்கும்போது கிரீஸ் அடித்தால் பாரம் ஏறிய பக்கத்து மரைக்குள் கிரீஸ் போகாது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இடப்பக்கத்து ட்ரனியன் கையால் ஆட்டினாலே ஆடியது. இரண்டு பக்கத்தையும் மாற்றினோம்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டைகள் வழியாக ஆயில் ஊற்றி ஊறவிட்டு, தினமும் முன்பக்கக் கைப்பிடியைப் போட்டு மெதுவாக அசைத்துப் பார்த்தார்கள். 9-ஆவது நாள் அரை அங்குலம் நகர்ந்தது. அன்று ராத்திரி 11 மணிக்கு எனக்குப் போன் வந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வால்வு உட்காரும் இடங்களில் கடினமான வளையங்கள் போட்டோம். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. ஈயம் இல்லாத பெட்ரோலில் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்துகொண்டே போகும். உலகத்தில் ஈயப் பெட்ரோலைக் கார்களுக்கு விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்திவிட்டது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால், அதைத் தாங்கும் குழாய்களைப் போட்டோம். துருவும் பிசினும் படிந்திருந்த பெட்ரோல் டாங்கை இறக்கிக் கழுவி, சோதித்து மாட்டினோம். இது பின்னால் கதைக்குள் வரும்.

வால்வு இடைவெளி வைப்பதை ஒரே மாலையில் இருவரும் கற்றுக்கொண்டார்கள். 0.012 அங்குலம், சுமார் 0.30 மில்லிமீட்டர். இந்த எஞ்சினில் 8 வால்வு, அதற்கு ஒன்பதின் கணக்கு என்று ஒன்று உண்டு. 1-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8-ஆவதைச் சரி செய்; 3 திறந்திருந்தால் 6; 4 என்றால் 5. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9. தம்பி அதைக் கேட்டுவிட்டு எட்டு வால்வையும் இரண்டு முறை வைத்தான். இரண்டாவது முறை வெறும் சந்தோஷத்துக்காக.

இந்த 26 மாதமும் அக்கா ஒரு நோட்டுப் புத்தகம் எழுதினார். தேதி, கழற்றியது என்ன, மாட்டியது என்ன, எத்தனை முறுக்கில் இறுக்கியது, யார் செய்தது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யச் சொல்கிறது. அக்கா அதைப் படித்துவிட்டு எழுதத் தொடங்கவில்லை. தம்பி எந்த போல்ட்டை எங்கே வைத்தான் என்பதை மறந்துபோவதால் எழுதத் தொடங்கினார்.

பெயின்ட் முடிந்து, கடைசி வாரம் பாலிஷ் போட்டு, பம்பரையும் விளக்கு வளையங்களையும் மெருகேற்றினார்கள். கார் அத்தனை அழகாக இருந்தது.

நின்ற இடங்கள்

முதல் முறை நல்ல வெயில், முழு டாங்க், 18-ஆவது கிலோமீட்டர். என் முதல் சந்தேகம் பெட்ரோல் குழாயில் ஆவி கட்டுவது. டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும், எஸ்.யூ. என்ற கம்பெனியின் மின்சார பம்ப் இந்தக் காரில் எஞ்சின் அறைக்குள்ளேயே, பின்சுவரில் இருக்கிறது. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியானால் பம்ப்பால் இழுக்க முடியாது. காத்திருந்தால் குளிர்ந்து சரியாகிவிடும். எல்லாம் பொருந்தி வந்தது. குழாயின் மேல் வெப்பத்தைத் தடுக்கும் உறை சுற்றினோம்.

இரண்டாம் முறை மறுநாளே. மறுபடி டாங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பி, 17 கிலோமீட்டரில் நின்றது. இந்த முறை அக்கா நிதானமாகப் பார்த்தார். ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் பொறி நன்றாக வந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரைத் திறந்தால் காலி. ஆக, பெட்ரோல்தான் வரவில்லை. பம்ப்பில் கை வைத்தால் சூடு, சத்தமே இல்லை. வழக்கமாக அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். எஸ்.யூ. பம்ப்பின் பாயின்ட் ஒட்டிக்கொண்டு நிற்பது எல்லாருக்கும் தெரிந்த வியாதி, ஸ்பேனரால் மெதுவாகத் தட்டினால் உயிர் வரும். தட்டினோம், வரவில்லை. 20 நிமிடம் கழித்து அதுவாகவே வந்தது. வீட்டுக்கு வந்து பாயின்ட்டைச் சுத்தம் செய்தோம். அடுத்த வாரம் பம்ப்பையே மாற்றினோம்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். சூடாகி, சத்தமில்லாமல் நிற்கும் எஸ்.யூ. பம்ப், பெரும்பாலும் டாங்கிலிருந்து தன்னிடம் வரும் பாதையில் அடைப்பு இருக்கிறது என்று சொல்கிறது. மின்காந்தம் டயஃப்ரம் என்ற சவ்வை இழுக்கும்போதுதான் பம்ப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்ச முடியாதபோது டயஃப்ரம் பாதியில் நிற்கும், பாயின்ட் திறக்காது, சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் சூடு. இதற்கு நேர்மாறாக, உறிஞ்சும் பக்கத்தில் காற்று கசிந்தால் பம்ப் படபடவென்று வேகமாக அடிக்கும், பெட்ரோல் வராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அடைப்பு என்றால் டாங்கில்தானே இருக்க வேண்டும், டாங்கை நாமேதான் கழுவினோமே என்று மனம் அந்தப் பக்கம் போகவே இல்லை. நம் கையால் செய்த வேலையைச் சந்தேகிப்பது கடினம்.

மூன்றாம் முறை டாங்க் முக்கால் அளவு, 29-ஆவது கிலோமீட்டர். இந்த முறைதான் பெரிய குழப்பம் விளைந்தது. தம்பி ஒரு புதுக் கண்டென்சரைக் கையோடு கொண்டுவந்திருந்தான்; டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன மின்பாகம் அது. பொறி நன்றாக வந்தாலும், சூடேறியதும் கண்டென்சர் படுத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. அவன் கண்டென்சரை மாற்றிக்கொண்டிருந்தபோது, எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்க்க அக்கா டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஒரே சத்தம். மூடியை மூடினார். ஸ்டார்ட் செய்ததும் கார் உடனே பிடித்தது. காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. 29 கிலோமீட்டர் திரும்பி வீடு வரைக்கும் ஒரு குலுக்கல்கூட இல்லை.

அன்று எல்லாரும் கண்டென்சரைக் கொண்டாடினோம். நோட்டில் ‘பழுது தீர்ந்தது’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார் அக்கா.

நான்காம் முறை, விடியற்காலை, தூறல், குளிர்ந்த காற்று. முழு டாங்க். 19 கிலோமீட்டர். ஆவி கட்டுவது என்ற என் கணக்கு அந்தத் தூறலிலேயே கரைந்தது. ஐந்தாம் முறை பாதி டாங்கோடு போய் 41-ஆவது கிலோமீட்டரில் நின்றது. இடையில் ஊருக்குள் 6, 7 கிலோமீட்டர் ஓட்டியபோதெல்லாம் ஒரு தொந்தரவும் கிடையாது.

தம்பி ரொம்பவே உடைந்துபோனான். 26 மாதம் உழைத்தது இதற்குத்தானா என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. பழைய காரை மீட்டெடுக்கும் இளைஞர்களைப் பற்றி யாராவது எழுதினால் இந்த இரண்டு நாளைப் பற்றி எழுத வேண்டும். பாதியில் கைவிடப்பட்ட கார்கள் பெரும்பாலும் வேலை கடினமாக இருந்ததால் கைவிடப்பட்டவை அல்ல. எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகும் கார் நம்பிக்கை தராததால் கைவிடப்பட்டவை. ஓட்ட முடியாத கார் சீக்கிரமே ஒரு பாரமாகிவிடும்.

நோட்டு

அக்கா வந்து நோட்டை என் முன்னால் விரித்தார். ஒவ்வொரு முறை நின்றபோதும் நேரம், வெயிலா மழையா, கிளம்பிய இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், டாங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று எழுதியிருந்தார். வெயிலை வைத்து அடுக்கிப் பார்த்தால் ஒழுங்கே இல்லை. தூரத்தை வைத்து அடுக்கினார். 17, 18, 19, 29, 41. பக்கத்திலேயே பெட்ரோல் அளவு. நிறை, நிறை, நிறை, முக்கால், பாதி.

“அண்ணா, டாங்க் நிறைஞ்சிருந்தா சீக்கிரம் நிக்குது. குறைஞ்சிருந்தா அதிக தூரம் போகுது. இது தலைகீழால்ல இருக்கு?”

தலைகீழ்தான். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது அடியில் கிடக்கும் கசடு குழாயை அடைத்தால் புரியும். நிறைய இருக்கும்போது ஏன் நிற்க வேண்டும்? கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவரே கேட்டார்: “டாங்க் நிறைஞ்சிருக்கும்போது எது கம்மியா இருக்கும்?”

காற்று.

கேள்வியிலேயே விடை இருந்தது. பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் மேலே இருக்கும் கொஞ்சம் காற்று விரிந்து, அழுத்தம் குறைந்து, பம்ப்பின் உறிஞ்சும் சக்திக்கு எதிராக இழுக்கும். 30 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும் டாங்கில், நிரப்பிய பிறகு மேலே மிஞ்சுவது சில லிட்டர் காற்றுதான். அதில் ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோல் போனாலே அழுத்தம் கணிசமாக விழும். இந்தக் கார் லிட்டருக்குச் சுமார் 14 கிலோமீட்டர் ஓடும். 18 கிலோமீட்டர் என்றால் சுமார் 1.3 லிட்டர். பாதி டாங்கில் மேலே 15 லிட்டர் காற்று இருப்பதால் அதே அளவு அழுத்தம் விழ இன்னும் நிறைய பெட்ரோல் போக வேண்டும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது, மூடியின் ஓரத்தில் கசியும் கொஞ்சக் காற்றே போதுமானதாக இருந்தது. நெடுஞ்சாலை வேகத்துக்கு அது போதவில்லை. நின்று 20, 25 நிமிடம் காத்திருந்தபோது அதே கசிவு டாங்கை மெல்ல நிரப்பியது. சூடான பம்ப்பும் ஆறியது.

மூன்றாம் முறை கார் உடனே கிளம்பியது கண்டென்சரால் அல்ல. அக்கா மூடியைத் திறந்ததால். அப்போது எழுந்திருக்க வேண்டிய ‘உஸ்’ என்ற சத்தத்தை லாரிகள் விழுங்கிவிட்டன. ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்ததால், செய்யாத வேலைக்குக் கண்டென்சருக்குப் பெயர் கிடைத்தது.

ஆனால் காற்று ஏன் உள்ளே வரவில்லை? டாங்கைக் கழுவி மாட்டிய பிறகு அக்கம்பக்கத்தில் பத்துப் பதினைந்து முறை ஓட்டியிருக்கிறோம். அக்கா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் சம்பந்தப்பட்ட எந்த வேலையும் விட்டுப்போகவில்லை. குழாய், இணைப்பு, வடிகட்டி, கிளிப், எல்லாம் தேதியோடு இருந்தது.

மூடி

விட்டுப்போன ஒன்று நோட்டில் இல்லை, காரில் இருந்தது. மைனரின் டாங்க் மூடி காரின் பின்பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்படி இருக்கும். பழைய மூடி கறுத்துப்போய், ஓரத்தில் நெளிந்திருந்தது. பாலிஷ் போட்ட அந்தக் கடைசி வாரம், தம்பி தன் கைக்காசில் ஒரு பளபளப்பான குரோம் மூடி வாங்கிவந்து, அக்காவுக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மாட்டியிருந்தான். நூலிழை பிசகாமல் பொருந்தியது. அக்காவும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அது அலங்காரம், வேலை அல்ல. அதனால் நோட்டில் ஏறவில்லை.

இந்தக் காரில் டாங்குக்குக் காற்று போவது மூடி வழியாக. பழைய மூடியின் அடியில், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு சின்னத் துளை உண்டு. புது மூடியில் துளை இல்லை. அது காற்றுக்குத் தனிக் குழாய் வைத்திருக்கும் வேறு ஏதோ காருக்காகச் செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான்.

மூடியைக் கண்டதும் மாற்றிவிட்டு முடித்திருக்கலாம். கண்டென்சர் விஷயத்தில் ஏமாந்த பிறகு அக்கா அப்படி விடத் தயாராக இல்லை. முதலில் புது மூடியோடு, முழு டாங்கோடு கிளம்பினோம். 18-ஆவது கிலோமீட்டரில் குலுக்கத் தொடங்கியதும் ஓரங்கட்டினார். லாரிகள் இல்லாத கிளைச் சாலை. தம்பி மூடியைத் திருகினான். நீளமாக ஒரு ‘உஸ்ஸ்’. மூவருக்கும் கேட்டது. உடனே சாவியைப் போட்டார் அக்கா. பம்ப் டிக் டிக் என்று அடித்து, ஃப்ளோட் சேம்பரை நிரப்பி நின்றது. கார் பிடித்தது. அப்புறம் கறுத்துப்போன பழைய மூடியை மாட்டி, அதே சாலையில் முழு டாங்கோடு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 60 கிலோமீட்டருக்கு மேல். நிற்கவில்லை. கடைசியாகப் புது மூடியை மறுபடி மாட்டிப் பார்த்தார். 17-இல் நின்றது. அதற்கப்புறம்தான் நோட்டில் எழுதினார்.

தம்பியின் முகம் வாடியிருந்தது. அக்கா எதுவும் சொல்லவில்லை. நான் அவனிடம் பெர்த்தா பென்ஸின் பயணத்தைச் சொன்னேன். 1888-இல் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போன பெண். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தன் தொப்பி ஊசியால் அடைப்பை எடுத்தார் என்பது அந்தப் பயணத்தைப் பற்றி எல்லாரும் சொல்லும் செய்தி. கார் என்ற ஒன்றின் முதல் நெடும்பயணத்திலேயே எரிபொருள் வராமல் நின்றிருக்கிறது. “அவங்களுக்கு ஊசி, உனக்கு மூடி,” என்றேன். கொஞ்சம் தெளிந்தான்.

புது மூடியில் தானே ஒரு துளை போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டான். அதை நான் அனுமதிக்கவில்லை. கண்டபடி போட்ட துளை வளைவில் பெட்ரோலைச் சிந்தவிடும். சிந்திய பெட்ரோல் எங்கே போகும் என்று தெரியாது. அந்தக் காருக்கென்றே செய்த, காற்றுத் துளை உள்ள குரோம் மூடி கிடைக்கிறது. இரண்டு மாதம் கழித்து அதை வாங்கி மாட்டினான். இந்த முறை மாட்டுவதற்கு முன் அடியில் இருந்த துளை வழியாக வாயால் ஊதிப் பார்த்தான்.

நான் எடுத்துக்கொண்டது

இந்தக் காரை அடுத்து நான் துணை நின்ற இரண்டு மீட்டெடுப்புகளில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கார் தன் காலில் ஓடத் தொடங்கியதும், பெயின்ட்டுக்கு முன்பே, துருவும் ஒட்டுப் போட்ட தகடுமாகவே 500 கிலோமீட்டராவது ஓட்டச் சொல்கிறேன். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் விளக்குகளும் சரியாக இருக்க வேண்டும், சாலையில் ஓட்டச் சட்டப்படி அனுமதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 500 கிலோமீட்டரில் கசிவது கசிந்துவிடும், தளர்வது தளர்ந்துவிடும். புது பெயின்ட்டின் மேல் ஸ்பேனர் விழாது. அதைவிட முக்கியம், இளைஞர்கள் காரை ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள். முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லாத காரை, உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியருக்குக் கொண்டுவர, கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து நடுவில் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் வித்தையைக் கற்றுக்கொள்கிறார்கள். டிரம் பிரேக்கோடு ஓட்டும்போது முன்னால் போகும் வண்டியை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முன்னால் போகும் மூன்றாவது வண்டியையும் பார்க்க வேண்டும் என்று கால் தானாகவே தெரிந்துகொள்கிறது. அப்படி ஓட்டிய பிறகு அந்தக் காரைக் கைவிடுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

அலங்காரம் என்று ஒதுக்கும் பாகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கார்களில் வெறும் அழகுக்காக மட்டும் இருக்கும் பொருள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. முன் கிரில்லுக்குப் பின்னால் பளபளப்பான வலை ஒன்றை வைத்து, ரேடியேட்டருக்குக் காற்று போகாமல் எஞ்சினைக் கொதிக்கவிட்டவர்கள் உண்டு. கதவின் அடியில் உள்ள மழைநீர்த் துளைகளைப் பெயின்ட்டால் அடைத்து, இரண்டே மழைக்காலத்தில் உள்ளிருந்து துருப்பிடிக்கவிட்டவர்கள் உண்டு. இந்த மைனரிலேயே, தம்பி போன் சார்ஜருக்காக ஒரு சாக்கெட் மாட்டி, அது புகைந்தது. 1950-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய பொருள்கள் நெகட்டிவ் என்று நினைத்துச் செய்யப்பட்டவை. அதுவும் நோட்டில் ஏறாத ஒரு சின்ன வேலைதான்.

இப்போது

அந்த மைனர் இதுவரை 6,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மலைப்பாதையில் ஒருமுறை மின்விசிறி பெல்ட் அறுந்தது, கையோடு இருந்த மாற்று பெல்ட்டைத் தம்பியே 15 நிமிடத்தில் போட்டான். 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரத்தைத் தொங்கவிட்டு ட்ரனியனுக்குக் கிரீஸ் போகிறது. பழைய பம்ப்பில் பழுதே இல்லை என்று தெரிந்ததால் அது மாற்றுப் பம்ப்பாக டிக்கியில் இருக்கிறது.

அக்கா நோட்டில் பின்னோக்கிப் போய், மூடி மாட்டிய அந்த நாளுக்கான பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘டாங்க் மூடி மாற்றம். துளை இல்லை.’ பக்கத்தில் தம்பியின் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வருகிறான், 15 வயது. போன வாரம் அவனை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னான் தம்பி. பம்ப் வேகமாக டிக் டிக் டிக் என்று அடித்தது, பிறகு மெதுவானது, பிறகு நின்றது.

“ஏன் நின்னுச்சு, சொல்லு?”

பையன் கொஞ்சம் யோசித்தான். “ரொம்பிடுச்சுண்ணா?”

“ரொம்பிடுச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணு.”